கூப்பிட்டால் திரும்பாத நாய்கள்

வீட்டைப் பார்க்காமல் நான் யாருக்கும் நாய் கொடுப்பதில்லை. பக்கத்துத் தெருவானாலும் சரி, கடல் தாண்டியானாலும் சரி. ராஜபாளையம் நாய்களோடு பாதி ஆயுளைக் கழித்துவிட்டேன். இந்த ஒரு விதியால் எனக்குப் பகையானவர்கள் ஊரில் ஏராளம். திருகோணமலையிலிருந்து குணம் என்பவர் போன் செய்து ஒரு கடுவன் குட்டி கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். "அப்ப வந்து பாருங்கோ தங்கச்சி," என்றார். உபசாரத்துக்குச் சொல்லியிருப்பார். நான் கிளம்பிவிட்டேன்.

திருகோணமலைக்குப் போகும் பஸ் கந்தளாய் தாண்டியதும் நின்றது. நடுரோட்டில் ஒரு கொம்பன் யானை நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ கத்தினார். பக்கத்து இருக்கையில் இருந்த டீச்சர் எனக்குச் சொன்னார்: "ஹாரன் அடிக்க வேண்டாமாம். ரோட்டு அவர்ட, நாங்கள்தான் இடையில வந்தனாங்களாம்." பின்னாலிருந்து ஒருவர் தமிழில், "அவர் டிக்கெட் எடுத்தவரோ எண்டு கேளுங்கோ," என்றார். யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. வயல் முற்றும் காலம், ஒவ்வொரு வருடமும் ஆள் சாகிறது என்றார் டீச்சர். எங்கள் ஊரில் பயிருக்குக் காட்டுப்பன்றி வரும். பன்றி வந்தால் பயிர் போகும். இங்கே ஆளும் போகிறான்.

யானை தானாக விலகும்வரை அங்கேயே கிடந்தோம். நான் திருகோணமலையில் இறங்கியபோது குணம் அண்ணன் பசியோடு காத்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பல் அடியில் நிற்கிறவனுக்குக் கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தியே பழகிய குரல். பஸ் நிலையத்தில் அவர் என்னை விசாரித்தது அந்த வட்டாரத்துக்கே கேட்டிருக்கும்.

வீடு மேட்டில் இருந்தது. வாசலில் நின்றால் துறைமுகம் முழுதும் தெரியும். இவ்வளவு தண்ணீரும் இவ்வளவு மௌனமும் ஒரே இடத்தில் இருப்பதை நான் பார்த்ததில்லை. அவர் மனைவி பத்மா அக்கா பிட்டும் கணவாய்க் கறியும் வைத்தார். நம் ஊர்ப் புட்டில் தேங்காயைத் தேட வேண்டும், இதில் மாவைத் தேட வேண்டும். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் நாய்களைப் பார்த்தேன். 

"இவன் ராஜா. இவள் ராணி, இவன்ர மகள்," என்றார் அண்ணன்.

இரண்டும் பால் வெள்ளை. மூக்கு ரோஸ். கண் தேன் நிறம். போட்டிக்குக் கொண்டுபோனால் பரிசு வாங்கும். அதுதான் பிரச்சினையே.

நாய் வளர்க்காதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். கடுவனை இணை சேர்க்கக் கொடுப்பவருக்குக் கூலியாக ஒரு குட்டி கொடுப்பது வழக்கம். முதலில் பார்த்து எடுக்கும் உரிமை அவருக்கு. நல்ல பெட்டையாக எடுப்பார். அது வளர்ந்து பருவத்துக்கு வரும்போது அதே வீட்டில் அதன் அப்பன் நிற்கும். வெளியே தேட அலுப்பு. இந்தியாவிலும் இதுதான் நடக்கிறது, இங்கேயும் இதுதான். பங்குக் குட்டி என்ற இந்த ஒரு வழக்கத்தால் நம் நாய்கள் பாதி ஒரே ரத்தமாகிவிட்டன.

"போன தடவை இவளை எதோட சேர்த்தீங்க அண்ணே?"

"வேற எது? போன வருசம் ராஜாவோடதான்."

"மகளை அப்பனோடயா?"

"நாய்க்கு என்ன தங்கச்சி அப்பன், மகள்? வெளியில விட்டா வெள்ளை கெட்டுப்போகும். ஆறு குட்டி. ஆறும் பால். ஒரு பொட்டு இல்லை."

சமையலறைக்குள்ளிருந்து பத்மா அக்கா குரல் கொடுத்தார்: "நானும் இதைத்தான் கேட்டனான். எனக்கு ஒண்டும் விளங்காதாம்."

ராணி மறுபடி பருவத்தில் இருந்தாள். உங்கள் குட்டி வளர்ந்து ஆளாகும்வரை காத்திருக்க ஏலாது, இந்த முறையும் ராஜாவுக்கே விடப் போகிறேன், கேட்டவர்களுக்கு வாக்கும் கொடுத்தாயிற்று என்றார் அண்ணன். நான் அவருக்கென்று யோசித்து வைத்திருந்த கடுவன் குட்டியின் படத்தைப் போனில் காட்டினேன். ஒரு காதில் காப்பி நிறத்தில் திட்டு இருக்கும்.

அவர் முகம் சுருங்கியது. "இது கலப்பு எல்லே?"

இதே வார்த்தையை என் ஊரில் ஆயிரம் பேர் சொல்லிவிட்டார்கள். திட்டு விழுந்த குட்டியைக் கிணற்றில் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்தத் திட்டுக்காகத்தான் நான் அவனைத் தேர்ந்தெடுத்தேன். தோலுக்கு நிறம் தருகிற அதே உயிரணுக்கள் காதின் உள்ளேயும் இருக்க வேண்டும். இருந்தால்தான் சத்தத்தை வாங்கும் நுண்ணிய மயிர்கள் உயிரோடு இருக்கும். நிறத்தை முழுதாக விரட்டிவிட்டால் சில குட்டிகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே அந்த மயிர்கள் செத்துவிடும். காது இருக்கும், கேட்காது. எல்லா வெள்ளை நாயும் செவிடு இல்லை. ஆனால் வெள்ளையை வெள்ளையோடு, அதிலும் அப்பனை மகளோடு, சேர்த்துக்கொண்டே போனால் செவிடு கூடிக்கொண்டே போகும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. கேட்கிற மனம் வேண்டும்.

ராணி கடலைப் பார்த்துப் படுத்திருந்தாள். பின்னால் போய் நின்று சாவிக்கொத்தை அவளுடைய இடது பக்கம் குலுக்கினேன். வலது பக்கம் திரும்பினாள். மறுபடி இடது. மறுபடியும் வலதில்தான் தேடினாள். இடது காது கேட்கவில்லை; சத்தம் எங்கிருந்து வந்தாலும் கேட்கிற காதுப் பக்கமே திரும்புகிறாள். ஒற்றைக் காது நாயை வெளியே யாராலும் கண்டுபிடிக்க முடியாது, எல்லா வேலையும் செய்யும். குட்டிகளுக்குத்தான் அந்தக் குறையில் பங்கைக் கொடுத்துவிடும்.

"பிடிவாதம்," என்றார் அண்ணன். "ராஜபாளையம் எண்டா ஒரே எசமான். வேற ஆள் கூப்பிட்டா ஏன் திரும்புது?"

இதுதான் நம் ஆட்கள் மட்டும் செய்கிற தவறு. வேறு சாதி நாய் கூப்பிட்டு வராவிட்டால் டாக்டரிடம் கொண்டுபோவார்கள். நம் நாய் வராவிட்டால் அதற்கு ராஜ குணம் என்று பெயர் வைத்துக் கொண்டாடுவார்கள்.

"ஆறு குட்டியையும் நான் பார்க்கணும். அது வரைக்கும் ராஜாவை அவிழ்க்காதீங்க," என்றேன். மூன்று வெளியூர் போய்விட்டன, மூன்றுதான் இங்கே என்றார். சரி, அந்த மூன்று.

மறுநாள் அவருக்கு ஒரு கல்யாணம். எனக்கு நிஸ்தார் என்ற கிண்ணியாக்காரரின் ஓட்டோவைப் பிடித்துக் கொடுத்தார். "நான் நாய் தொடுறதில்ல அக்கா. நாய்க்காக இந்தியாவுல இருந்து வந்த ஆள இண்டைக்குத்தான் ஏத்துறன்," என்றார் நிஸ்தார். கோட்டைப் பக்கம் போகும்போது மான்கள் கடைவாசலில் நின்று வாழைப்பழத் தோல் தின்றன. எங்கள் ஊரில் மாடு நிற்கும் இடத்தில் இங்கே மான் நிற்கிறது. ஒருத்தரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

முதல் குட்டி ஒரு இரும்புக்கடையில் இருந்தது. இரண்டு காதும் கேட்டது. நான் உடனே கடைக்காரரிடம் சொன்னேன், சந்தோஷப்படுங்கள் என்று. எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

சீனன்குடா போகும் வழியில் டயர் பஞ்சரானது. மாற்று டயரும் பஞ்சராக இருந்தது. "அதையும் ஒட்டத்தான் வச்சிருந்த," என்றார் நிஸ்தார், வெட்கமே இல்லாமல். வேறொரு ஓட்டோக்காரர் நின்று டயர் கொடுக்கும்வரை ஒரு பெட்டிக்கடையில் சட்டித் தயிரும் பாணி என்கிற இனிப்புப் பாகும் வாங்கித் தந்தார். எருமைத் தயிர். கரண்டி நட்டால் நிற்கும். இதற்குமேல் அந்த நாளில் நல்லது எதுவும் நடக்கவில்லை.

இரண்டாவது குட்டி இருந்த வீடு விமானப் படை ஓடுபாதைக்கு அருகில். வீட்டுக்காரப் பெண் சிங்களத்தில் பேசினார், நிஸ்தார் தமிழில் மாற்றிச் சொன்னார். நாய் முற்றத்து மண்ணில் படுத்திருந்தது. விமானம் ஒன்று தலைக்கு நேர் மேலே இறங்கியது. பலாமரத்துக் காகங்கள் எல்லாம் பறந்தன. நான் காதைப் பொத்திக்கொண்டேன். நாய் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

அந்தப் பெண் சிரித்தபடி ஏதோ சொன்னார்.

"காகத்துக்கும் பயமாம், எங்களுக்கும் பயமாம். இவருக்கு மட்டும் பயமே இல்லையாம்," என்றார் நிஸ்தார். பிறகு அவரே என் முகத்தைப் பார்த்தார். "என்னக்கா? ஏதும் பிழையா?"

"செவிடுன்னு சொல்லுங்க."

"நான் எப்பிடிச் சொல்ற? நீங்களே சொல்லுங்க, நான் மாத்துறன்."

"செவிடு. ரெண்டு காதும்."

அவர் மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் சிரிப்பு உடனே போகவில்லை, அது தங்க இடம் தேடியது போல முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது. ரோட்டுக்கு விடாதீர்கள், தூங்கும்போது பின்னாலிருந்து தொடாதீர்கள், பயத்தில் கடிக்கும், கையசைத்துக் கூப்பிடப் பழக்குங்கள் என்று சொன்னேன். பிள்ளைகளைக் கடிக்குமா என்று அவர் கேட்டார். கேட்டுக்கொண்டே, பிள்ளைகள் முற்றத்துக்கு வராதபடி வாசற்கதவைச் சாத்தினார்.

அன்று இரவு அண்ணனிடம் சொன்னேன். விமானச் சத்தம் பழகிப்போயிருக்கும் என்றார். மூன்றாவதைப் பார்க்க அவரும் வருவதாகச் சொன்னார். "அவன்தான் கூட்டத்தில திறம். தம்பலகாமத்தில யானைக் காவலுக்கு நிக்கிறான். அவனைப் பாத்தா நீங்களே வாய் மூடுவீங்கள்."

யானைக் காவல் என்று அவர் சொன்னதும், விடிந்தவுடனே போவோம் என்றேன்.

மூன்றாவது குட்டியை வாங்கிய யோகராசாவின் வயல் கண்டி ரோட்டை ஒட்டியே இருந்தது. முற்றிய நெல். ஓரத்தில் மரக்கால் நட்டுப் போட்ட காவல் பரண், தரையிலிருந்து ஓர் ஆள் உயரம்கூட இருக்காது. அந்த ஊரில் வயல் வைத்திருப்பவர்கள் அறுவடை முடியும்வரை இரவில் அதில்தான் படுக்கிறார்கள். யோகராசாவுக்கு நாற்பது வயது இருக்கலாம். அவர் மனைவி கமலா பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துச் சீனியை உள்ளங்கையில் வைத்தார். சீனியை நக்கிக்கொண்டே டீயைக் குடிக்க வேண்டும். அவர்களுடைய நாய் வீரன் பரண்மேல் படுத்திருந்தான். அவனும் வெள்ளை, அவனும் அழகு.

"இவன் வந்த பிறகுதான் அக்கா நான் கண்ணை மூடுறன்," என்றார் யோகராசா. "முந்தி விடிய விடிய முழிப்பு. இப்ப இவன் பாப்பான் எண்டு நித்திரை கொள்ளுறன்."

"யானை வந்தா குலைக்குமா?"

"இன்னும் குலைச்சதில்லை."

"யானை வந்திருக்கா?"

கமலா சொன்னார்: "வந்தது அக்கா. மார்கழியில. பரணுக்குப் பக்கத்தில காலடி கிடந்தது. விடிஞ்ச பிறகுதான் இவர் கண்டவர்."

"அவன் கெட்டிக்காரன்," என்றார் யோகராசா. "குலைச்சா அதுக்குக் கோபம் வந்து பரணை முட்டும் எல்லோ? அதுக்காகத்தான் பேசாமக் கிடந்தவன்."

"ராஜபாளையம் புத்தி," என்றார் குணம் அண்ணன்.

டீயைக் கீழே வைத்தேன். பரண்மேல் மனுஷனும் நாயும் தூங்குகிறார்கள், பக்கத்திலேயே யானை நிற்கிறது. அது தும்பிக்கையை நீட்டியிருந்தால் அவருடைய காலில் பட்டிருக்கும். இதற்குப் பெயர் புத்தியாம்.

சொல்லிவிட்டேன். நாய்க்குக் காது கேட்காது என்று நேராகச் சொன்னேன். யோகராசாவுக்குக் கோபம் வந்தது. இந்தியாவிலிருந்து வந்து என் நாயைக் குறை சொல்ல நீங்கள் யார் என்றுகூடக் கேட்டார், நீங்கள் என்று மரியாதையாகத்தான். குணம் அண்ணன் பரண் பலகையை ஓங்கி உதைத்தார். வீரன் சட்டென்று தலையைத் திருப்பினான்.

"பாத்தீங்களா? ஆருக்குச் செவிடு?"

"பலகை ஆடினது அவனுக்கு உடம்புல தெரிஞ்சுது அண்ணே. கீழ இறக்குங்க."

வரப்பு ஈரமாக இருந்தது. அதில் எதுவும் அதிராது. வீரனை வயலைப் பார்க்க நிறுத்தச் சொன்னேன். யோகராசா பின்னால் தள்ளி நின்று கூப்பிட்டார். முதலில் மெதுவாக. பிறகு பலமாக. குணம் அண்ணனும் தன் கிரேன் குரலில் கூப்பிட்டார். வீரன் வயலைப் பார்த்தபடி நின்றான். யானை விரட்ட வைத்திருந்த தகர டின்னை எடுத்துக் கமலா ஒரு தடியால் அடித்தார். வயல் முழுக்க மேய்ந்த கொக்குகள் ஒரே நேரத்தில் எழும்பின. வீரன் கொக்குகளைப் பார்த்து வாலாட்டினான். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

கமலா அடிப்பதை நிறுத்தவில்லை. யோகராசாதான் தடியைப் பிடித்தார்.

"நான் கூப்பிட்டா வருவானே," என்றார். "சோத்துக்குக் கூப்பிட்டா ஓடி வருவானே. கையக் காட்டினா..." தன் கையையே பார்த்தார்.

கமலா குணம் அண்ணனைப் பார்த்தார். "அண்ணன், தெரிஞ்சோ தந்தனீங்கள்?"

"சத்தியமாத் தெரியாது பிள்ளை."

அவர் பொய் சொல்லவில்லை என்று நம்புகிறேன். அதனால் என் கோபம் குறையவில்லை. தெரிந்துகொள்ள ஒரு சாவிக்கொத்து போதும். குட்டிக்குக் கண் திறந்து சில வாரம் கழித்துத் தட்டை ஒரு தட்டு தட்டிப் பார்த்திருந்தால் போதும். மூக்கு ரோஸா என்று பார்த்தவர், பொட்டு இருக்கிறதா என்று வாலைத் தூக்கிப் பார்த்தவர், இதைப் பார்க்கவில்லை. சுத்தம் சுத்தம் என்று நிறத்தைப் பார்க்கிற எல்லோரையும் அந்தப் பரணில் ஓர் இரவு படுக்க வைக்க வேண்டும்.

"குலைக்கிற நாட்டு நாய் ரெண்டைக் கொண்டாந்து கட்டுங்க," என்றேன் யோகராசாவிடம்.

"ஊர் நாய் பொழுதுபட்டா வீட்டுக்கு ஓடும் அக்கா. கட்டி வச்சா எல்லாத்துக்கும் குலைக்கும், நரிக்கும் குலைக்கும், நிலாவுக்கும் குலைக்கும். வயலுக்குப் பழக ஒரு போகம் வேணும்."

குணம் அண்ணன் வாயைத் திறந்தார். "வீரனை நான் கொண்டு போறன். உனக்கு..."

"வேண்டாம் அண்ணன்." யோகராசா வீரனின் முன்னால் போய்க் குந்தினார். அவன் பார்க்கும்படி போய்த்தான் தலையில் கை வைத்தார். இப்போதே பழகத் தொடங்கிவிட்டார். "அவன் என்ன பிழை செய்தவன்? இனி அவன் படுக்கட்டும். நான் முழிச்சிருக்கிறன்."

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் முதலில் ராணியிடம் போனார். அவள் பின்னால் நின்று விரலைச் சொடுக்கினார், இடது பக்கம். அவள் வலது பக்கம் தேடினாள். மறுபடி சொடுக்கினார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை, பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டேன்.

சாப்பிடும்போது கேட்டார்: "அப்ப உங்கட கடுவன்? அந்தத் திட்டுக்காரன்? அவனை விட்டா சரியாகும்தானே?"

இதற்குப் பதில் சொல்வதுதான் அந்தப் பயணத்திலேயே கஷ்டம். அவர் மனம் மாறி அந்தத் திட்டுக் குட்டியைக் கேட்கிறார். கொடுத்துவிட்டு நல்லவளாக ஊருக்குப் போகலாம்.

"தர மாட்டேன் அண்ணே. ராணி அப்பன் பக்கம் குறை இருக்கு, அவகிட்டயும் இருக்கு. எந்தக் கடுவனைச் சேர்த்தாலும் எந்தக் குட்டிக்கு வரும்னு சொல்ல முடியாது. அவளுக்கு ஆபரேஷன் பண்ணிடுங்க. ராஜாவுக்கும்."

"அவளுக்கு இனி ஒரு குட்டியும் வேண்டாமோ?"

"வேண்டாம்."

"என்ர ராணி இவ்வளவு வடிவா இருக்கிறாள்," என்றார். கிரேன் குரல் இல்லை அது. "இந்த வடிவு இவளோட முடியட்டும் எண்டுறீங்கள்."

"ஆமா."

பத்மா அக்கா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். அவர் கையை வைத்துத் தடுக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. யோசிக்கிறேன் என்றார். மறுநாள் காலை வெருகலில் இருக்கும் அவர் தம்பி ஒரு சின்ன லொறியோடு வந்தார். ராஜாவை ஏற்றினார்கள். ராணியின் பருவம் முடியும்வரைக்குத்தான் என்றார் அண்ணன். ஆபரேஷன் பற்றி அவர் சொல்லவில்லை. குட்டி கேட்டவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு இந்த முறை இல்லை என்று சொன்னார். ஏன் என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை. வெளியூர் போன மூன்று குட்டிக்காரர்களுக்கு மட்டும் நான் பக்கத்தில் உட்கார்ந்து, குட்டிக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கச் சொல்ல வைத்தேன். அதற்கு அவர் என்னை மன்னித்திருப்பார் என்று தோன்றவில்லை. பரவாயில்லை.

மத்தியானம் பஸ் ஏறினேன். தம்பலகாமம் வந்தபோது யோகராசாவின் வயல் ஜன்னல் பக்கமாகவே வந்தது. அறுவடை தொடங்கவில்லை. பரணில் அவர் பகல் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தார், முகத்தில் லுங்கியை இழுத்துப் போட்டு. பக்கத்தில் வீரன் நிமிர்ந்து உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்னால் போன டிராக்டரை விலக்க எங்கள் டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். யோகராசா துள்ளி எழுந்து டின்னைத் தேடினார். வீரன் அவர் எழுந்ததைப் பார்த்து, அதற்கப்புறம்தான் எழுந்தான்.

டிராக்டர் விலகியது. அவர் எங்கள் பஸ்ஸைப் பார்த்தார், மறுபடி படுக்கவில்லை.